லோகோவை விடுங்கள், ‘மீதி’ ‘மிதி’ ஆவதைப் பாருங்கள்

கட்டற்ற மென்பொருளுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று மட்டக்களப்பிலோ கல்முனையிலோ நாலைந்து பேர் சேர்ந்தால், நிரல் எழுதத் தெரிந்தவர்கள் தங்கள் பாட்டுக்கு வேலையைத் தொடங்கிவிடுவார்கள். கீறத் தெரிந்தவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்வி: “லோகோ ஏதும் செய்து குடுக்கலாமா?” குடுக்கலாம். ஆனால் அந்த வாய்ப்பு வருவது அபூர்வம். விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கி மென்பொருளின் சூரியகாந்தி லோகோ 2003இல் வந்தது. அது ஒரு புகைப்படத்தை வைத்துச் செய்தது என்பதால் சிறிதாக்கினால் கலங்கிப்போகும். அப்படியிருந்தும் புதியது நடைமுறைக்கு வந்தது 2021 ஏப்ரலில்தான், அதுவும் இரண்டு சுற்று வாக்கெடுப்புக்குப் பிறகு. இடைப்பட்ட பதினெட்டு வருஷத்தில் அதே மென்பொருளின் பொத்தான், நிறம், எழுத்தளவு, இடைவெளி எல்லாம் எத்தனையோ தரம் மாறிவிட்டன. தோற்றம் பற்றிய முடிவுகளில் பெரும்பங்கு அங்கேதான் எடுக்கப்படுகிறது. கணினியையும் போனையும் அன்றாடம் தமிழில் பார்க்கிறவர்களுக்கு அங்கே சொல்ல நிறைய இருக்கிறது, எப்படிச் சொல்வது என்று தெரிந்தால்.

முடிவு யார் கையில்

தன்னார்வலர்கள் என்றால் எல்லாவற்றுக்கும் வாக்கெடுப்பு என்று ஒரு நினைப்பு பலரிடம் உண்டு. உண்மையில் ஒரு பொத்தான் எங்கே இருக்க வேண்டும் என்பதை, அந்த மாற்றத்தை மூல நிரலில் சேர்க்கும் உரிமையுள்ள பராமரிப்பாளர்தான் தீர்மானிக்கிறார். 2010இல் உபுண்டு என்ற இயங்குதளத்தின் 10.04 பதிப்பு வெளிவருவதற்குச் சற்று முன், சாளரத்தை மூடும் பொத்தான்களை வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கத்துக்கு நகர்த்தினார்கள். அது பற்றிய வழு (பிழை) அறிக்கையில் எதிர்ப்புக் குவிந்தது. உபுண்டுவைத் தொடங்கிய மார்க் ஷட்டில்வேர்த் அங்கேயே பதில் எழுதினார்: நல்ல தரவும் நல்ல கருத்தும் வரட்டும், ஆனால் வடிவமைப்பு முடிவுகளுக்கு இங்கே வாக்கெடுப்பு இல்லை என்பது அதன் சாரம். பொத்தான்கள் இடப்பக்கமே போயின. 2017இல் 17.10 பதிப்பில், க்னோம் திரைச்சூழலுக்குத் திரும்பியபோதுதான் மீண்டும் வலப்பக்கம் வந்தன. உபுண்டுவுக்குப் பின்னால் ஒரு நிறுவனம் இருக்கிறது, அதனால் அப்படிச் சொல்ல முடிந்தது என்று வாதிடலாம். நிறுவனம் இல்லாத சிறு செயற்றிட்டங்களிலும் நடைமுறை அதேதான். சொல்லும் தொனி மட்டும் கொஞ்சம் மென்மையாக இருக்கும்.

லிப்ரே ஒஃபிஸ் என்ற அலுவலக மென்பொருளில் தோற்றம் பற்றிய வழு அறிக்கைகளுக்குத் தனிக் குறிச்சொல் ஒன்று உண்டு. அது போட்டால் வடிவமைப்புக் குழுவின் பார்வைக்குப் போகும். அவர்கள் பேசி ஒரு பரிந்துரை எழுதுவார்கள். இங்கே புதியவர்கள் தவறவிடும் சங்கதி: குழு ‘சரி’ என்று எழுதியதோடு திரையில் எதுவும் மாறாது. அதை நிரலாக எழுத ஒருவர் முன்வரும் வரை பரிந்துரை அப்படியே கிடக்கும், சில வேளை வருஷக்கணக்கில். ஆகவே கீறத் தெரிந்தவரும் நிரல் தெரிந்தவரும் சேர்ந்து போகும் குழுவுக்கு மதிப்பு அதிகம். கல்லடியில் சுவாமி விபுலானந்தா அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் கீறப் பழகிய பிள்ளைகள் இருக்கிறார்கள். வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் ஒலுவில், சம்மாந்துறைப் பக்கம் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் நிரல் எழுதும் பிள்ளைகள் இருக்கிறார்கள். இவர்கள் ஒரே திரையைப் பார்த்துக் கதைத்தால் பாதி வேலை முடிந்தது.

வாக்கெடுப்பே இல்லையா என்றால், இருக்கிறது. எதற்கு வைக்கிறார்கள் என்பதுதான் கவனிக்க வேண்டியது. ஃபெடோரா என்ற இயங்குதளத்தில் கணினியைத் திறந்தவுடன் வரும் இயல்புச் சுவர்ப்படத்தை வடிவமைப்புக் குழு செய்கிறது. கூடுதலாகச் சேர்க்கும் சுவர்ப்படங்களுக்குத்தான் பங்களிப்பாளர்கள் வாக்களிப்பார்கள். பிடிக்காதவர் வேறொன்றை வைத்துக்கொள்ளலாம், எதுவும் உடையாது என்ற இடத்தில் வாக்கு வைப்பது புத்திசாலித்தனம். டெபியன் என்ற இன்னோர் இயங்குதளம் ஒவ்வொரு பதிப்புக்கும் பொது அழைப்பு விட்டு, வந்தவற்றை வரிசைப்படுத்தச் சொல்லிக் கருத்துக் கேட்கிறது. டெபியன் 8, 9 இரண்டுக்கும் ஜூலியட் பெலாங் என்பவரின் ஆக்கங்கள் தெரிவாகின; 2025 ஓகஸ்டில் வந்த டெபியன் 13இன் ‘செரட்டொப்சியன்’ எலிஸ் கூப்பர் செய்தது. அங்கே போட்டியிடுபவர் அனுப்புவது ஒரு படம் அல்ல. சுவர்ப்படம், உள்நுழைவுத் திரை, கணினி துவங்கும்போது வரும் கிரப் பட்டியலின் பின்னணி, நிறுவியின் மேற்பட்டை எல்லாம் ஒரே குடும்பமாக இருக்க வேண்டும். துவக்கப் பட்டியல் போன்ற இடங்களில் 640×480 அளவில் கூட எழுத்து வாசிக்கப்பட வேண்டும். மட்டக்களப்பு வாவியில் சூரியன் மறையும் அழகான படம் ஒன்று வைத்திருப்பவர்கள், அதன் நடுவில் வெள்ளை எழுத்தில் பத்து வரி வந்தால் வாசிக்க முடிகிறதா என்று முதலில் பார்க்கட்டும். படம் கீறும் மென்பொருளான இங்க்ஸ்கேப் தன் ‘எங்களைப் பற்றி’ திரைக்கு வைக்கும் போட்டியில் இரண்டு கட்டம்: முதலில் பொதுமக்கள் வாக்களித்துச் சிலவற்றை மேலே கொண்டுவருவார்கள், பிறகு இங்க்ஸ்கேப் பங்களிப்பாளர்கள் அவற்றிலிருந்து ஒன்றைத் தெரிவுசெய்வார்கள். நண்பர் வட்டம் பெரிதாக உள்ளவர் வெல்வதை இரண்டாம் கட்டம் தடுக்கிறது.

நாற்பது பேரும் மூன்று மீனும்

நம் ஊர்க் குழுக்கள் தங்களுக்கென்று சின்னம் தெரிவுசெய்யும்போது நடக்கும் கூத்து ஒன்றைச் சொல்ல வேண்டும். மட்டக்களப்பில் யாரிடம் கேட்டாலும் பாடும் மீன்தான் வரும். மிச்சப் பேர் கல்லடிப் பாலத்தையோ வெளிச்சவீட்டையோ கீறுவார்கள். நாற்பது பேர் உள்ள வட்ஸ்அப் குழுவில் மூன்று மீன்களும் ஒரு வெளிச்சவீடும் போட்டிக்கு வந்தன என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு ஒரு வாக்கு. மீன்களுக்கு 9, 8, 8. வெளிச்சவீட்டுக்கு 15. வெளிச்சவீடு வென்றுவிட்டது, ஆனால் 25 பேர் விரும்பியது மீனை. ஒரே மாதிரியான ஆக்கங்கள் ஒன்றின் வாக்கை ஒன்று தின்னும். இதற்கு மருந்து எளிது: பிடித்த எல்லாவற்றுக்கும் வாக்குப் போட விடுங்கள், அல்லது 1, 2, 3 என்று வரிசைப்படுத்தச் சொல்லுங்கள். வட்ஸ்அப் வாக்கெடுப்பில் ஒருவர் பல விடைகளைத் தொட அனுமதிக்கும் அமைப்பு இருக்கிறது. அதை அணைக்காமல் விட்டாலே போதும். டெபியன் தன் பெரிய முடிவுகளுக்கு வரிசைப்படுத்தும் முறையைத்தான் வைத்திருக்கிறது. அதோடு ‘இவற்றில் எதுவும் வேண்டாம்’ என்ற தெரிவும் அந்தச் சீட்டில் கட்டாயம் இருக்கும். நம் குழுக்கள் இதை மறந்துவிடுகின்றன. பிறகு யாருக்கும் பிடிக்காத ஒன்றை ஐந்து வருஷம் பனரில் அச்சடித்துக்கொண்டிருக்கின்றன.

வாக்கைவிட நல்ல வழி, கீறுவதற்கு முன் குறையை எழுதுவது. ஃபெடோரா 2018இல் தன் லோகோவை மாற்ற இறங்கியபோது அதன் வடிவமைப்பாளர் மொய்ரீன் டஃபி முதலில் பொதுவெளியில் வைத்தது பழைய லோகோவின் குறைகளை. ஒற்றை நிறத்தில் அச்சடிக்க முடியாது, ஏனென்றால் லோகோவின் நீலக் குமிழுக்கும் உள்ளே உள்ள ‘f’ எழுத்துக்கும் இரண்டு நிறம் வேண்டும். கறுப்புப் பின்னணியில் கடும் நீலம் தெரியாது. பெயருக்குப் பக்கத்தில் குமிழ் தொங்குவதால் நடுவில் வைப்பது கஷ்டம். உள்ளே இருக்கும் எழுத்து ஃபேஸ்புக்கை ஞாபகப்படுத்துகிறது. இந்தக் குறைகள் முன்னால் இருக்கும்போது, புதிய கீறல் ஒவ்வொன்றையும் “இது ஒற்றை நிறத்தில் நிற்குமா?” என்று கேட்க முடிகிறது. “வடிவா இருக்கு”, “அவ்வளவு வடிவில்லை” என்ற பதில்களால் கீறியவருக்கு ஒரு பிரயோசனமும் இல்லை. புதிய லோகோ 2021இல் ஃபெடோரா 34உடன் வந்தது. முணுமுணுப்பு இல்லாமல் இல்லை, ஆனால் பதில் சொல்ல ஆதாரம் கையில் இருந்தது.

எல்லோருக்கும் பிடிக்க வைக்க முடியாத இடத்தில், இரண்டையும் வைத்திருப்பது ஒரு தப்பும் வழி. படம் திருத்தும் மென்பொருளான கிம்ப்பின் 2.10 பதிப்பு 2018இல் வந்தபோது நிறமான கருவி ஐகன்களுக்குப் பதிலாக ஒற்றை நிற ஐகன்களும் இருண்ட தோற்றமும் இயல்பாக வந்தன. கருவியை நிறத்தால் அடையாளம் கண்டு பழகியவர்கள் கொதித்தார்கள். பழைய ஐகன் தொகுதியை விருப்பத்தேர்வில் வைத்திருந்ததால் சமாளிக்க முடிந்தது. லிப்ரே ஒஃபிஸில் கொலிப்ரே, பிரீஸ், எலிமென்டரி, சிஃப்ர், காரசா ஜாகா, சுகபுரா என்று ஐகன் தொகுதிகள் வரிசையாக உண்டு. சுகபுராவைச் செய்தவர் ஒரு இந்தோனேசியப் பங்களிப்பாளர். இங்கிருந்தும் ஒருவர் செய்யலாம் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம். ஆனால் தெரிவுகளுக்கு விலை உண்டு. புதிதாக ஒரு கட்டளை சேர்ந்தால் ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரு ஐகன் கீற வேண்டும். கீற ஆளில்லாவிட்டால் வேறு தொகுதியின் ஐகன் வந்து உட்காரும், பட்டை முழுக்க ஒட்டுப்போட்ட மாதிரித் தெரியும். பராமரிப்பாளர் “இன்னொரு தெரிவு வேண்டாம்” என்று சொன்னால் அது முசுப்பாத்திக்கு அல்ல.

14 பிக்சலில் ஒரு ஓம்

ஐகன் விஷயத்தில் வாதம் குறைவு, அளவுகோல் அதிகம். யாரும் திருத்தக்கூடிய இணைய உலக வரைபடமான ஓப்பன் ஸ்ட்ரீட் மெப்பை எடுங்கள். 2013ஐ ஒட்டி அனர்த்த முகாமைத்துவ நிலையமும் மண்முனை வடக்குப் பிரதேச செயலகமும் சேர்ந்த வேலையில், அந்தப் பிரிவின் முப்பதாயிரம் அளவிலான கட்டடங்கள் மாடி, சுவர், கூரை விவரங்களோடு அந்த வரைபடத்தில் ஏறின. ஆகவே மட்டக்களப்பு நகரம் அங்கே நெருக்கமாகத் தெரியும். அந்த வரைபடத்தின் இயல்புத் தோற்றத்தில் வரும் சிறு ஐகன்களின் அளவு 14×14 பிக்சல். காத்தான்குடியிலிருந்து ஆரையம்பதிக்குப் போகும் வீதியில் பள்ளிவாசலும் கோயிலும் தேவாலயமும் அடுத்தடுத்து வரும். பிறையும் ஓமும் சிலுவையும் அந்த 14 பிக்சலுக்குள் வேறு வேறாகத் தெரிய வேண்டும். சிலுவை சுலபம். ஓம் கடினம், ஏனென்றால் வளைவுகள் நெருக்கம். கோட்டுக்கு ஒரு பிக்சல், இடைவெளிக்கு ஒரு பிக்சல் என்று கணக்கு வைத்தால் ஏழு கோட்டுக்குமேல் அந்தப் பெட்டிக்குள் அடங்காது. நான்கு நல்ல வளைவுகளை வைத்துவிட்டு மிச்சத்தைக் கைவிட வேண்டியதுதான். பெரிதாகக் கீறிச் சுருக்கினால் சாம்பல் பொட்டு ஒன்றுதான் மிஞ்சும்.

செய்யும் முறை: இங்க்ஸ்கேப்பில் ஆவண அளவை 14×14 பிக்சல் என்று வையுங்கள். ஒரு பிக்சல் இடைவெளியில் கட்டக்கோடு போட்டு, அதில் ஒட்டும்படி அமையுங்கள். ஒரு பிக்சல் தடிப்புள்ள கோட்டின் மையம் முழு எண்ணில், உதாரணமாக 4இல், விழுந்தால் அது 3.5 முதல் 4.5 வரை பரவும். இரண்டு பிக்சல்களிலும் பாதிப் பாதி நிறம் விழுந்து மங்கும். மையம் 4.5இல் இருந்தால் ஒரே பிக்சலில் கூர்மையாக நிற்கும். கீறி முடித்ததும் கோடுகளைப் பாதையாக மாற்றி, விளிம்புகள் முழு எண்களில் இருக்கின்றனவா என்று திரும்பப் பாருங்கள், மாற்றும்போது சில வேளை 0.02, 0.03 என்று நழுவும். இங்க்ஸ்கேப்பின் ஐகன் முன்னோட்டப் பலகை பல அளவுகளை ஒரே நேரத்தில் காட்டும். பெரிய திரையில் 800 சதவீதம் பெருப்பித்துப் பார்த்துத் திருப்திப்படுவதை அது தடுக்கும்.

நிறமும் இப்படித்தான். 2015இல் ஓப்பன் ஸ்ட்ரீட் மெப் தன் பெருவீதி நிறங்களை மாற்றியது. அதுவரை பிரித்தானிய வழக்கத்தை ஒட்டி நீலமும் பச்சையும் இருந்தன. நீலக் கோடு ஆறா வீதியா, பச்சை காடா வீதியா என்ற குழப்பம்தான் காரணம். வாவியும் களப்பும் நிறைந்த நம் கரையோரத்தை வரைபடத்தில் பார்த்தவருக்கு இந்தக் காரணத்தை விளக்கவே தேவையில்லை.

எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான நிற வேறுபாட்டுக்கு இணைய அணுகல்தன்மை வழிகாட்டி சொல்லும் அளவு, சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5:1, பெரிய எழுத்துக்கு 3:1. வெள்ளைப் பின்னணியில் #767676 என்ற சாம்பல் 4.5ஐச் சற்றுத் தாண்டும். #777777 தாண்டாது. பலர் ஆசையாக வைக்கும் #999999 மூன்றைக் கூடத் தொடாது. கல்லடிக் கடற்கரையில் மத்தியான வெயிலில், அல்லது வெள்ள நாட்களில் கறண்ட் இல்லாமல் பற்றரி சேமிப்பு முறையில் மங்கிய போனில், இந்த வித்தியாசம் தெரியும். சிவப்பும் பச்சையும் பிரித்தறியாதவர்களுக்கு எப்படித் தெரியும் என்பதைக் கிம்ப்பின் காட்சி வடிகட்டிகளில் போட்டுப் பார்க்கலாம். ‘சரி’ பச்சை, ‘பிழை’ சிவப்பு என்று நிறத்தை மட்டும் நம்பியிருந்தால் அங்கே பிடிபட்டுவிடும்.

தமிழ்த் திரை

இனி வருவது வெளிநாட்டுப் பராமரிப்பாளருக்குத் தெரியாததும் நமக்குத் தெரிந்ததும். ஒரு கணக்கு மென்பொருளின் பட்டியலில் கடைசி நெடுவரிசையின் தலைப்பு ‘மீதி’. வரியுயரம் ஆங்கில எழுத்துக்கு அளவாக 16 பிக்சலில் நிலையாக வைக்கப்பட்டிருக்கிறது. அதற்கு வெளியே போவதை மறை என்றும் எழுதியிருக்கிறது. ஈகாரத்தின் உச்சியில் உள்ள சுழி வெட்டுப்படுகிறது. மிஞ்சுவது ‘மிதி’. புள்ளி வெட்டுப்பட்டால் ‘மட்டக்களப்பு’ ‘மடடககளபபு’ ஆகும். கீழ்ப்பக்கம் ‘மூடு’ என்பதில் ஊகாரத்தின் வால் போகும். ஆங்கிலத்தில் ஒரு எழுத்தின் தலை கொஞ்சம் வெட்டுப்பட்டாலும் வாசித்துவிடலாம். தமிழில் மேலேயும் கீழேயும் இருப்பவைதான் எந்த எழுத்து என்பதையே தீர்மானிக்கின்றன. பராமரிப்பாளரிடம் இதை ‘அழகுப் பிரச்சினை’ என்று சொன்னால் பட்டியலின் அடியில் போய்விடும். ‘தகவல் பிழையாகத் தெரிகிறது’ என்று சொல்லுங்கள், ஏனென்றால் அதுதான் நடக்கிறது.

திருத்தம் பெரிய வேலை அல்ல. நிலையான உயரத்துக்குப் பதிலாகக் குறைந்தபட்ச உயரம், மேலும் கீழும் உள்ளிடைவெளி, வரியுயரம் எழுத்தளவின் 1.5 மடங்கு. அது முடியாத நெருக்கமான இடங்களில் நோட்டோ சான்ஸ் தமிழ் யூஐ எழுத்துரு உதவும். அதன் மேல்கீழ் அளவுகள் இடைமுகங்களுக்கென்று சுருக்கப்பட்டவை.

ஆன்ட்ரொய்டில் இந்தப் பிரச்சினை இப்போது புதிதாகக் கிளம்புகிறது. முன்பு தமிழுக்கு இயல்பாகச் சுருக்கமான எழுத்துருவே வரும். ‘எலிகன்ட் டெக்ஸ்ட் ஹைட்’ என்ற பண்பை உருவாக்குநர் தானே போட்டால்தான் உயரமானது வரும். ஆன்ட்ரொய்டு 15ஐ இலக்காக வைத்துத் தொகுக்கும் செயலிகளுக்கு அது இயல்பாகவே இயங்கும். தமிழ், மலையாளம், தெலுங்கு, தாய், அரபு போன்ற எழுத்துகளுக்கெல்லாம் பொருந்தும். வாசிக்க நல்லது. ஆனால் பழைய உயரத்துக்கு அளவெடுத்துச் செய்த பெட்டிகளில் எழுத்து வெட்டுப்படும். நீங்கள் பாவிக்கும் கட்டற்ற செயலி ஒன்று புதுப்பித்த பிறகு திடீரென்று தமிழில் குழம்பினால், பராமரிப்பாளருக்கு முதலில் சொல்ல வேண்டியது இந்தப் பண்பின் பெயரை. ஆங்கிலத்தில் மட்டும் சோதிப்பவருக்கு இது ஒருபோதும் கண்ணில் படாது.

அடுத்தது நீளம். பத்து எழுத்துக்குக் குறைவான ஆங்கிலச் சொற்கள் மொழிபெயர்ப்பில் இரண்டு மூன்று மடங்கு நீளலாம் என்று மென்பொருள் உலகில் ஒரு பொதுக்கணக்கு உண்டு. ‘விருப்பத்தேர்வுகள்’ என்பதை நாம் எண்ணினால் 10 எழுத்து. யுனிகோட் கணக்கில் 18 குறிகள். கோப்பில் 54 பைட். ஒரு மொழிபெயர்ப்புக்கு ‘அதிகபட்சம் 15’ என்று வரம்பு போட்டிருந்தால் எதை எண்ணுகிறார்கள் என்று கேளுங்கள். கண்ணுக்கு இடம் போதுமாக இருக்கும்போதே கருவி மறுக்கும். இன்னும் மோசமானது, நிரல் குறிகளை எண்ணி நடுவில் வெட்டுவது. ‘அமைப்புகள்’ என்பதில் கடைசிக் குறி போனால் ‘அமைப்புகள’. அடுத்த வரி உயிர்க்குறியில் தொடங்கினால் புள்ளி வட்டம் ஒன்று முளைக்கும். எழுத்தும் அதன் குறியும் சேர்ந்த எழுத்துக்கொத்தின் எல்லையில் வெட்டுங்கள் என்று கேட்க வேண்டும்.

மற்றவை சுருக்கமாக. தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து இல்லை, ஆகவே பெரிய எழுத்தால் மட்டும் தலைப்பைப் பிரித்துக் காட்டும் வடிவமைப்பு தமிழில் தட்டையாகிவிடும். தடிப்போ அளவோ சேர்க்கச் சொல்லுங்கள். தடித்த எழுத்துரு கணினியில் இல்லாவிட்டால் மென்பொருள் தானே தடிப்பாக்கும், அப்போது 12 பிக்சலில் ண, ஞ, ஊ எல்லாம் உள்ளே அடைத்துவிடும். சாய்வெழுத்தும் அப்படியே, பல தமிழ் எழுத்துருக்களில் அது இல்லை, இயந்திரம் தள்ளிச் சாய்க்கும். ஐகனுக்குள் ஆங்கில எழுத்து வைப்பதையும் கவனியுங்கள்: லிப்ரே ஒஃபிஸில் தடிப்பு, சாய்வு ஐகன்கள் ஜெர்மன் பயனருக்கு அவர்கள் மொழியின் முதலெழுத்தோடு வருகின்றன. மொழிவாரியாக ஐகன் மாற்றும் வசதி அங்கே ஏற்கனவே இருக்கிறது என்பதால், தமிழுக்கு எது பொருத்தம் என்று முன்மொழிவது சின்ன வேலை.

கோரிக்கையை எழுதுவது

பராமரிப்பாளர் மாலை வேலை முடிந்து வந்து அரைமணி நேரம் ஒதுக்குபவர். அவர் ஒரு நிமிஷத்தில் விளங்கிக்கொள்ள வேண்டும். இப்படி எழுதலாம் (அனுப்புவது ஆங்கிலத்தில்):

“எங்கே: கணக்குப் பட்டியல், தலைப்பு வரி. என்ன நடக்கிறது: தமிழில் ஈகாரத்தின் மேற்சுழி வெட்டுப்படுகிறது, ‘மீதி’ வேறு சொல்லாகத் தெரிகிறது. காரணம்: வரியுயரம் 16 பிக்சலில் நிலையாக உள்ளது. யோசனை: குறைந்தபட்ச உயரம் 24, வரியுயரம் 1.5. ஆங்கிலத் தோற்றம் மாறவில்லை, படம் இணைப்பில்.”

அந்தக் கடைசி வசனம் முக்கியம். முன்னும் பின்னும் நான்கு படங்கள் வையுங்கள்: தமிழில் இரண்டு, ஆங்கிலத்தில் இரண்டு, ஒரே சாளர அளவில், 100 சதவீதத்தில். ஒரே கோரிக்கையில் நிறத்தையும் ஐகனையும் இடைவெளியையும் சேர்த்து மாற்றாதீர்கள். ஒன்றில் சந்தேகம் வந்தால் மூன்றும் நிற்கும். ‘நவீனமாக இல்லை’ என்ற சொல்லைப் பாவிக்கவே வேண்டாம், அதற்கு யாராலும் பதில் சொல்ல முடியாது.

சோதனைக்கு ஐந்து பேர் போதும், ஆனால் ஐந்தும் கணினிப் பிள்ளைகளாக இருக்கக்கூடாது. கடைக் கணக்கு எழுதும் அக்கா ஒருவர், கண்ணாடி போட்ட மாமா ஒருவர் கட்டாயம். “இது வடிவா இருக்கா?” என்று கேட்காதீர்கள். “மாமா, நேற்றையக் கணக்கில மீதி எவ்வளவு எண்டு காட்டுங்க” என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டு, விரல் எங்கே போகிறது என்று பாருங்கள். எங்கே தடுமாறினார் என்பதை எழுதி இணைத்தால், நூறு பேரின் விருப்பக் குறியைவிட எடை கூட. பெயரையும் முகத்தையும் இணைக்காதீர்கள்.

வட்ஸ்அப்பில் பேசி முடிவெடுத்தால் அந்த முடிவு பராமரிப்பாளருக்குத் தெரியாது; ஆறு மாதம் கழித்து உங்களுக்கே காரணம் ஞாபகம் இருக்காது. பேசியதன் சுருக்கத்தையும், கைவிட்ட மாற்று யோசனைகளையும், ஏன் கைவிட்டீர்கள் என்பதையும் கோரிக்கையின் கீழே எழுதுங்கள். அதே யோசனையை அடுத்த வருஷம் வேறொருவர் கொண்டுவரும்போது அது கைகொடுக்கும்.

காலமும் பார்க்க வேண்டும். க்னோம் மார்ச், செப்டெம்பர் மாதங்களில் வருகிறது. உபுண்டு ஏப்ரல், ஒக்டோபரில். லிப்ரே ஒஃபிஸ் பெப்ரவரி, ஓகஸ்டில். வெளியீட்டுக்கு முன் சில வாரங்கள் தோற்றத்தைத் தொடக்கூடாது என்று பூட்டிவிடுவார்கள், ஏனென்றால் கையேட்டுக்குப் படம் எடுப்பவரும் மொழிபெயர்ப்பவரும் அசையாத திரையை வைத்து வேலை செய்ய வேண்டும். வெளியீடு முடிந்த அடுத்த வாரம்தான் புது யோசனைக்கு நல்ல நேரம்.

கையளிப்பில் தடுக்கும் இடம் உரிமம். கூகுளில் எடுத்த மீன் படத்தின் மேல் கீறியது, இலவச லோகோ தளத்தில் உருவாக்கியது, எழுத்துரு உரிமம் தெரியாதது எல்லாம் கடைசி நிமிஷத்தில் திரும்பி வரும். பெரும்பாலான இடங்களில் கிரியேட்டிவ் கொமன்ஸ் பகிர்வுரிமம் 4.0 ஏற்கும், செயற்றிட்டத்தின் சொந்த உரிமம் என்ன என்று முதலில் பாருங்கள். எழுத்துருவுக்கு நோட்டோ, கட்டமரன், முக்த மலர் போன்ற கட்டற்றவற்றை எடுங்கள். பிஎன்ஜி (பிக்சல்களாலான படம்) மட்டும் அனுப்பினால் அடுத்தவர் திருத்த முடியாது, ஆகவே கோடுகளைக் கோடுகளாகவே வைத்திருக்கும் எஸ்விஜி மூலக்கோப்பு வேண்டும். அதில் இரண்டு பிரதி வையுங்கள்: ஒன்றில் தமிழ் எழுத்து எழுத்தாகவே இருக்கட்டும், மற்றதில் பாதையாக மாற்றப்பட்டிருக்கட்டும். எழுத்துரு இல்லாத கணினியில் முதலாவது உருமாறும், எழுத்துப்பிழை திருத்த வேண்டி வந்தால் இரண்டாவது உதவாது. குழுவுக்குள் பரிமாறும்போது படமாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்புங்கள். படமாகப் போனால் வட்ஸ்அப் சுருக்கிவிடும், பிறகு மங்கியது யார் பிழை என்று ஒரு மணி நேரம் சண்டை பிடிக்க வேண்டி வரும்.